வாளி கழுவிய தண்ணீர்

சாய ஆலை மேலாளர் இரண்டு முறையும் ஒரே வரியைத்தான் எழுதி அனுப்பியிருந்தார்: ‘ஆய்வாளரின் வாளி அழுக்கு.’ அந்த ஒரு வரியால், ஆலைக்குப் பின்னால் இருக்கும் தெருக் கிணற்றின் அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறையும் வந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். தெரு அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும்.

அதனால் இந்த முறை ஆய்வாளர் மேலாளரின் அறை வாசலிலேயே வாளியைக் கழுவினாள். சோப்புப் போட்டுத் தேய்த்து, கேனில் கொண்டுவந்த காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசினாள். கடைசி அலசலில் மீட்டரை விட்டாள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அது எண்ணாகச் சொல்லும்; குடிக்கிற தண்ணீருக்கு ஐநூறுக்குள் இருக்க வேண்டும். இரண்டு என்றது. பச்சைக் குழந்தையின் மனசுகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

“வாளி சுத்தம்னு கையெழுத்துப் போடுங்க சார்.”

மேலாளர் தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். “உங்க கேன்ல என்ன இருக்கோ, யார் கண்டா? எங்க தண்ணில கழுவினா போடறேன்.”

“அப்படிக் கழுவக் கூடாது சார்.”

“அப்ப கையெழுத்தும் கிடையாது.”

மூன்று வருஷமாக அவளைக் கிணறு கிணறாக ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர், அவள் காதருகே குனிந்தார். “விடு தங்கச்சி, ஆசைப்படறாரு. கழுவட்டும். அப்புறம் நாம மறுபடி கழுவிக்கலாம்.”

மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தான் குடிக்கும் குழாயிலிருந்தே தண்ணீர் பிடித்து மூன்று முறை அலசினார். வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியிராத கை என்பது பார்த்தாலே தெரிந்தது. பிறகு படிவத்தில் ‘என் கையாலேயே கழுவினேன், வாளி சுத்தம்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

ஆய்வாளர் அவருடைய கடைசி அலசலில் மீட்டரை விட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

“மிஷின் ரிப்பேர்,” என்றார் மேலாளர்.

கேன் தண்ணீரில் விட்டாள்: இரண்டு. குழாய்த் தண்ணீரில் விட்டாள்: மறுபடியும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.

“மீட்டர் சரியா இருக்கு. வாளி சுத்தம்னு நீங்களே எழுதிட்டீங்க. மிச்சம் இருக்கறது தண்ணி மட்டும்தான் சார்.”

“ஆலைக்குள்ள இருக்கற கிணத்துத் தண்ணிம்மா. வடிகட்டித்தானே வருது...”

“வடிகட்டி கொசுவைப் பிடிச்சிருக்கும் சார்,” என்றார் ஓட்டுநர். “உப்பு அதுக்கு மாட்டாது.”

ஆய்வாளர் குழாய்த் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துச் சீட்டு ஒட்டினாள். வாளியைக் கேன் தண்ணீரால் மறுபடி கழுவினாள். மீட்டர் இரண்டு என்றதும், யாரும் கேட்காமலே மேலாளர் கையெழுத்துப் போட்டார். தெருக் கிணற்றுக்கும் கூடவே வந்தார். அங்கே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. அதற்கும் போட்டார்.

திரும்பி வந்து மிச்சத் தேநீரை ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றினார். அந்தச் செடி ஏற்கெனவே பட்டுப்போயிருந்தது.

“எட்டு வருஷமா குடிக்கிறேம்மா,” என்றார். அவர் கண் ஓட்டுநர் கையில் இருந்த கேன் மேல் போனது. “அதுல கொஞ்சம்...”

ஓட்டுநர் மூடியை இறுக்கித் திருகினார்.

“அது வாளி கழுவற தண்ணி சார்.”