புதுக் கால்

கெர்லிண்டே செருப்புப் பெட்டியைக் கட்டிலோர மேசையில் வைத்தாள். உடனே திறக்கவில்லை. கோட்டைக் கழற்றி நிதானமாகத் தொங்கவிட்டாள். வாயெல்லாம் பல். பக்கவாதக்காரியைப் பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். இவள் கல்யாணத்துக்கு வந்தவளைப் போல நின்றாள்.

"ஒரு பொம்மைய எடுத்துட்டு வர இத்தன நாளா?" என்றேன்.

"ஓட்மார், உங்களுக்குப் பொறுமையே கெடையாது. இத்தன வருஷம் பொம்மைக்காரிக்குப் புருஷனா எப்படித்தான் குப்ப கொட்டினீங்களோ."

என் மனைவி ரோஸ்விதா தலையணையில் சாய்ந்திருந்தாள். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், ஆமா. தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "உசுரா வச்சிருந்த சாமான் எதாவது கையில குடுத்துப் பாருங்க. சில பேருக்கு அதத் தொட்டா வார்த்த வருது." எது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியை விட்டு நான் நகராததால் வீட்டுச் சாவி ரோஸ்விதாவின் சேகரிப்பாளர் சங்கத்துத் தோழி கெர்லிண்டேயிடம் இருந்தது. கீழ்த்தட்டில் ஓரமாக, நீலக் கோட்டு போட்டவள் என்று போனில் சொன்னேன்.

எங்கள் நொய்ஸ்டாட்டில் ஒரு காலத்தில் பாதி ஊர் பொம்மையால்தான் பிழைத்தது. ரோஸ்விதாவின் அம்மா வீட்டிலிருந்தபடியே பொம்மைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள். அந்த நீலக் கோட்டுக்காரி ரோஸ்விதாவுக்குப் பத்து வயதில் கிறிஸ்துமஸுக்கு வந்தாள். பிடித்தால் ஒடிந்துவிடும் என்பது போன்ற இடுப்பு, யாரையோ ஓரக்கண்ணால் அளக்கிற பார்வை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு விடவே இல்லை. அறுபதுகளின் ஃபேஷன் பொம்மைகள் சந்தை சந்தையாக வாங்கப்பட்டு, படுக்கையறையை அவர்கள் எடுத்துக்கொள்ள, நாங்கள் சின்ன அறைக்குப் போனோம். இந்த வீட்டில் நான்தான் வாடகைக்கு இருக்கிறேன் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள். காதோலைச் செம்பு பச்சையாகக் கசிந்த ஏதோ ஒரு பொம்மையின் காதுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருப்பாள்.

சந்தையில் அவள் முகத்தைப் பார்த்து வாங்க மாட்டாள். முதலில் பாதம். அந்தக் காலத்து மெத்தென்ற கால்களைப் பிள்ளைகள் கடிக்காமல் விட்டதில்லை. பல் பட்டிருந்தால் பேசாமல் கீழே வைத்துவிடுவாள். ஆனால் நீலக் கோட்டுக்காரியின் இடது பாதத்திலேயே பல்தடம் இருந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு, அரிசிமணி அளவில். சேகரிப்பாளர் சங்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "அந்த நெறத்துல கால் கெடைக்கல" என்பாள். எல்லோரும் நம்பினார்கள். ஒவ்வொரு பொம்மையும் ஒவ்வொரு நிறத்தில் பழுப்பேறும். ஜோடி சேர்ப்பது லேசில்லை.

அது எங்கள் மகள் உல்லியின் பல். பல் முளைத்த குளிர்காலத்தில் எட்டி எடுத்துக் கடித்துவிட்டாள். ரோஸ்விதா பிடுங்கிக்கொண்டு போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. பொம்மை பாழாகிவிட்டது என்று அன்று முழுக்க அழுதாள். அடுத்த குளிர்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து உல்லி போய்விட்டாள். துணிமணி, தொட்டில் எல்லாவற்றையும் மாமியார் வந்து அள்ளிக்கொண்டு போனாள். பொம்மையை யாரும் கேட்கவில்லை. அந்தத் தடத்தைப் பற்றி என்னிடம்கூட ரோஸ்விதா பேசியதில்லை. தூசி தட்டும்போது கட்டைவிரலை அங்கே கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். அவ்வளவுதான். நானும் பார்க்காதது போல அந்தப் பக்கம் போய்விடுவேன்.

கெர்லிண்டே மூடியைத் திறந்தாள். நீலக் கோட்டு துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. பொம்மையை ரோஸ்விதாவின் இடது கையில் வைத்தாள்.

"காலப் பாருடி."

ரோஸ்விதாவின் கட்டைவிரல் தானாகவே இறங்கிப் பாதத்துக்குப் போனது. நின்றது. மறுபடி தடவியது. மற்றப் பாதத்தைத் தடவிவிட்டு இதற்கே திரும்பி வந்தது.

"ஏழு வருஷமாத் தேடினேன்டி. ஹாலந்துக்காரி ஒருத்திகிட்ட இருந்துச்சு. ஒம் பொம்மைக்குன்னே வார்த்த மாதிரி அதே நெறம். முடி ஒலத்துற மெஷின்ல சூடு காட்டி, பழசக் கழட்டி, இத மாட்டினேன். புடிச்சிருக்கா?"

"ஆமா" என்றாள் ரோஸ்விதா. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கெர்லிண்டேவுக்கும் அழுகை வந்துவிட்டது.

"பழைய கால் எங்க?" என்று கேட்டேன்.

"அதுவா? உதிரிப் பாகம் போடுற பையில போட்டேன். ஞாயித்துக்கெழம சந்தையில பையோட வித்துப் போயிடுச்சு. யாரோ அப்படியே அள்ளிட்டுப் போனாங்க. கடிபட்ட கால் உங்களுக்கு எதுக்கு?"

அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அவ்வளவு நல்ல மனுஷி அவள்.

"ஆமா" என்றாள் ரோஸ்விதா. பிறகு இன்னும் உரக்க, "ஆமா. ஆமா."

"சந்தோஷம் தாங்கல பாருங்க" என்று கெர்லிண்டே மூக்கைச் சிந்தினாள். நான் அவள் தோளைப் பிடித்து, காப்பி குடித்துவிட்டு வரும்படி வெளியே அனுப்பினேன்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், ரோஸ்விதா பொம்மையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். இடது பாதம் அவள் வாய்க்குள் இருந்தது. கோணிப்போன வாயால், நல்ல பக்கத்துப் பற்களால், கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தாள். எச்சில் மோவாயில் வழிந்தது. நான் தடுக்கவில்லை. வெளியே எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

நானும் குனிந்து பார்த்தேன். நல்ல கால்தான், இளக்கம் கெடாதது. பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி மறைந்தது. விரலுக்குக் கீழே பாதம் வழுவழுவென்று ஆனதும், அவள் மறுபடி அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.