ஏரியூரைக் கொடுக்க மாட்டேன்

குடிகாரர்களுக்குக் கயிறு கட்டும் முனியப்பன் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் குடிப்பதில்லை. கம்ப்யூட்டரில் ராஜ்யம் ஆள்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த வேண்டுமென்றால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் முனியப்பனிடம்தான் போவார்கள். பூசாரி கற்பூரம் கொளுத்துவார். குடிப்பவர் அதற்கு மேலே உள்ளங்கையை நீட்டி, இன்ன நாள்வரை தொடமாட்டேன் என்று சொந்த வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் கையில் மஞ்சள் கயிறு ஏறும். சொல்லிவிட்டு மீறினால் முனியப்பன் சும்மா விடமாட்டார் என்பது நம்பிக்கை. என் வீட்டுக்காரர் குப்புராஜ் மூன்று தடவை கட்டிக்கொண்டவர். மூன்று தடவையும் யாருடைய கல்யாணத்துக்காவது முந்தின நாள் அந்தக் கயிறு காணாமல் போனது. முனியப்பனும் பாவம், எத்தனை பேரைத்தான் பார்ப்பார்.

என் கதைக்கு வருகிறேன். என் மகன் பிரபாகருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டான். பழைய கம்ப்யூட்டரை எங்கள் வீட்டு நடுக்கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனான். தூசி தட்டுகிற சாக்கில் ஒருநாள் அதைப் போட்டேன். உள்ளே ஒரு விளையாட்டு இருந்தது. அவனுக்குப் போன் போட்டு, இது என்னடா என்று கேட்டேன். "ராஜ்யம் கட்டற கேம்மா, உனக்குப் புரியாது" என்றான். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அப்போதே அணைத்திருப்பேன்.

புரிந்தது. பத்தாவது வரை படித்த இங்கிலீஷும், தெரியாத வார்த்தைக்கு மகனுக்கு ஒரு போனும் போதுமாக இருந்தன. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக ஒரு பூமி. அதில் நமக்கு ஒரு சிறு கூட்டமும் ஒரு வீரனும் கொடுப்பார்கள். ஆற்றோரம் பார்த்து ஊர் கட்ட வேண்டும். ஏர் கண்டுபிடிக்க வேண்டும், எழுத்து கண்டுபிடிக்க வேண்டும், கப்பல் விட வேண்டும். நான் கட்டிய முதல் ஊருக்கு ஏரியூர் என்று பெயர் வைத்தேன். அது நான் பிறந்த ஊர். நிஜ ஏரியூரில் மழை பெய்தால்தான் வெள்ளாமை. என் ஏரியூரில் துறைமுகம் இருக்கிறது, கலங்கரை விளக்கம் இருக்கிறது, மேற்குக் கடல் முழுக்க என் கப்பல்தான்.

இதில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்கிறேன். நான் அடுத்தது என்று அமுக்குகிற வரைக்கும் அங்கே ஒன்றும் நகராது. எதிரி ராஜா வாளை ஓங்கியபடியே நிற்பான். விதைத்தது முளைக்காது, கப்பல் அலை மேல் அப்படியே நிற்கும். களஞ்சியம் கட்டி முடிந்தது, அடுத்தது என்ன என்று கேட்பார்கள். இந்த வீரன் சும்மா நிற்கிறான், எங்கே அனுப்பட்டும் என்று கேட்பார்கள். என்னைத்தான் கேட்பார்கள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து சொன்னாலும் அதுவரை காத்திருப்பார்கள்.

என் வீட்டில் பால் என்னைக் கேட்டுக்கொண்டு பொங்குவதில்லை. மோட்டாருக்குக் கரண்டு அது இஷ்டத்துக்கு வருகிறது, போகிறது. தக்காளி போடுவதா, மரவள்ளி போடுவதா என்பதை என் வீட்டுக்காரரும் அவர் கூட்டாளிகளும் டீக்கடையில் முடிவு செய்துவிட்டு வருவார்கள். களை எடுக்கும்போதுதான் இந்த வருசம் என்ன போட்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்திநாலு வருசத்தில் 'அடுத்தது என்ன செய்யலாம்' என்று என்னை முதலில் கேட்டது அந்தப் பெட்டிதான். விடுவேனா?

ஒரே ஒரு முறை, இந்த ஒரு மதில் மட்டும் முடியட்டும், இந்த ஒரு கப்பல் மட்டும் கரை சேரட்டும் என்று உட்காருவேன். மதில் முடிகிற நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் தங்கம் தெரியும். அதை விட்டுவிட்டு எழுந்துபோக நான் என்ன சாமியாரா? குழம்பு அடிப்பிடிக்கும். பக்கத்து வீட்டு ஆடு அவரைக் கொடியை மேய்ந்துவிட்டுப் போகும். மறைக்க ஒன்றுமில்லை, அது அப்படித்தான் பிடித்து இழுக்கும்.

வினை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. என் நாத்தனார் ராஜாமணி அரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், என் வீட்டுக்காரருக்குத் தங்கை. அவள் மகள் எழிலரசிக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் நல்ல நேரத்துக்குள் போய் இறங்க வேண்டும். பட்டுப்புடவை, வளையல், பழத்தட்டு எல்லாம் கட்டி வைத்துவிட்டேன், நானும் புடவை மாற்றிவிட்டேன். ஆட்டோ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் போனார். அந்த இடைவெளியில் ஒரே ஒரு முறை ஆடலாம் என்று உட்கார்ந்தேன். மேற்கத்தி ராஜா ஏரியூரை முற்றுகை போட்டான். ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டார். அரூர் பஸ்ஸும் போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம். மாமன் சீர்ப்புடவை வராமல், வேறு யாரோ கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அது தப்பு. அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரமே ராஜாமணி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். நான் அப்போதும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன். மேற்கத்தி ராஜா சமாதானத் தூது அனுப்பியிருந்தான். ஏரியூரைக் கொடுத்துவிட்டால் போரை நிறுத்திக்கொள்கிறானாம். சரி, முடியாது என்று கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன.

"அண்ணி, எங்கண்ணனுக்கு பாட்டிலு, உங்களுக்கு இந்தப் பொட்டி. ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள். "வேலில போன ஓணான மடில வுட்ட கதையா, அந்தப் பையன் இத வூட்ல வுட்டுட்டுப் போயிட்டான். எம்பொண்ணு சடங்குல எனக்கு ஆன அவமானம் போதும். முனியப்பனுக்கு முன்னால கயிறு கட்டிக்கங்க. இல்லன்னா இது இன்னைக்கே நல்லம்பள்ளி பழைய சாமான் கடைக்குப் போவட்டும். நான் பேசிட்டுத்தான் வந்திருக்கறன். கடைக்காரரு சாயந்தரம் எடுக்க வர்றாரு."

என் வீட்டுக்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை வருசத்தில் முதல் தடவையாகக் கூண்டில் வேறு ஆள். எலுமிச்சம்பழம் எத்தனை, கற்பூரம் எவ்வளவு, எந்தக் கயிறு சீக்கிரம் அறுந்துபோகும், எது போகாது என்றெல்லாம் அனுபவஸ்தர் மாதிரி அடுக்கினார்.

விஷயம் ஓசூருக்குப் போய், மகன் போனில் வந்தான். "இங்கிலீஷ் கத்துக்கறேன்னு சொல்லும்மா. மூளைக்கு நல்லதுன்னு சொல்லு, வுட்டுடுவாங்க" என்றான். எனக்கு அதுதான் ரொம்பக் கோபம். புளியமரத்தடியில் நாளெல்லாம் சீட்டாடுகிறவர்களிடம் அது மூளைக்கு நல்லதா என்று யாராவது கேட்டார்களா? ஒரு பொம்பளை ஒன்றை ஆசைப்பட்டுச் செய்தால் அதில் குடும்பத்துக்கு ஏதாவது லாபம் இருந்தே ஆக வேண்டுமா? "எனக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. புடிச்சிருக்கு, ஆடறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. தூது அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

கோயிலில் நல்ல கூட்டம். ஆண்கள் வரிசையாக நின்றார்கள், பெண்டாட்டிகள் அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரே பொம்பளை நான். எனக்குக் காவலாகப் பின்னால் ராஜாமணியும் அவரும். பூசாரி முருகேஷ் எங்கள் முறை வந்ததும் பழக்கத்தில் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார்.

"வா குப்புராஜ், அவுத்துட்டியா மறுபடியும்?"

"எனக்கு இல்லீங்க. வூட்டுக்காரிக்கு."

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தச் சரக்கும்மா?" என்றார். வரிசையே சிரித்தது.

"சரக்கு இல்லீங்க, கம்ப்யூட்டரு" என்றார் அவர். "எந்நேரமும் பொம்ம சண்ட போட்டுட்டே இருக்கறா."

"பொம்ம சண்ட இல்லீங்க, ராஜ்யம்" என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவருக்காவது துறைமுகம் உண்டா?

பூசாரி தலையைச் சொறிந்தார். "எத்தன மாசத்துக்குக் கட்டறது?"

"ஆயுசுக்கும்" என்றாள் ராஜாமணி.

"ஆயுசுக்கெல்லாம் இங்க கட்றதில்லம்மா, யாரும் தாங்க மாட்டாங்க. பொங்கல் வரைக்கும் கட்டலாம்." கற்பூரத்தைக் கொளுத்தினார். "கைய நீட்டி உன் வாயால சொல்லும்மா, தொடமாட்டன்னு."

கையை நீட்டினேன். உள்ளங்கையில் சூடு ஏறியது. எதிரில் முனியப்பன் முழித்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நாலு நாளில் கயிற்றைக் கழற்றி எறிந்தால் கேட்க ஆளில்லை. இந்த வரிசையில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். என் வாய் வரவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

"சீர் லேட்டானது என் தப்பு" என்றேன். "அதுக்கு இங்கயே வுழுந்து கும்பிடறன். ராஜாமணி, உன் பொண்ணுகிட்ட வந்து மன்னிப்பும் கேக்கறன், சின்னப் புள்ளயாச்சேன்னு பாக்க மாட்டன். ஆனா தொடமாட்டன்னு சொல்ல மாட்டன். நான் தொடுவன்."

"பாத்தீங்களா சாமி? எங்கண்ணனாவது கைய நீட்டிச் சொல்லுச்சு. இவங்களுக்கு அந்தப் பயங்கூட இல்ல" என்று ராஜாமணி கத்தினாள்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏங்க, நீங்க மூணு தடவ இங்க சொன்னீங்களே. முனியப்பன் முன்னாலயே சொல்லுங்க. சொல்றப்ப அது நெசமா?"

அவர் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"சொல்றப்ப நெசந்தான்" என்றார் கடைசியில். "ஒவ்வொரு தடவயும் நெசந்தான் கலைமணி."

இத்தனை வருசமும் அவர் சும்மா ஒப்புக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே ஒரு கிளாஸ் என்று உட்காருகிறவரை, ஒரே ஒரு முறை என்று உட்காருகிற எனக்குப் புரியாதா என்ன? ஆனால் அவரை அது தின்றது. என்னை இன்னும் தின்னவில்லை. தின்னும்போது நானே வந்து கையை நீட்டுவேன், யாரும் பிடித்து இழுத்து வர வேண்டாம்.

"எனக்குச் சொல்றப்பவே பொய்யி" என்றேன் பூசாரியிடம். "முனியப்பன்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டங்க."

முருகேஷ் கயிற்றைச் சுருட்டித் தட்டில் வைத்தார். "பொய்ச் சத்தியத்துக்கு நான் கயிறு கட்டறதில்லம்மா. ஒதுங்கி நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்."

ராஜாமணி நேராக அரூர் பஸ் ஏறினாள். ஏறும்போது, "கயிறு கட்டலன்னா பொட்டி போவணும்ண்ணா. கடைக்காரரு போன் பண்ணுவாரு, ஒழுங்கா குடுத்து அனுப்பு. இல்லன்னா இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று அண்ணனிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே யோசனை. வீரமாகப் பேசிவிட்டு வந்துவிட்டேன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வேன்? இரண்டு ஆள் பிடித்தால் தூக்கிவிடலாம். அதோடு ஏரியூரும் போய்விடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் போய் உட்கார்ந்தேன். எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தது. மதிலுக்கு வெளியே அவன் படை நின்றது, தூது நின்றது, சரி, முடியாது என்ற இரண்டு பொத்தான்களும் நின்றன. என் வீரர்கள் கொஞ்சம் பேர்தான் மிச்சம்.

அவர் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். இதுவரை பார்த்ததே இல்லை.

"என்னா கேக்கறான் அவன்?"

"ஏரியூர."

"குடுக்கலன்னா?"

"அடிப்பான். தோத்தாலும் தோத்துடுவன்."

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நல்லம்பள்ளிக் கடைக்காரர். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கலைமணி, இவருக்கு என்ன சொல்லட்டும்?"

நான் அவசரப்படவில்லை. மவுஸை நகர்த்தினேன். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

முடியாது என்பதை அமுக்கினேன்.

"அவருக்கும் இதையே சொல்லுங்க" என்றேன்.