மூன்றாம் வரிசை நாற்காலி

குலு நகரத்துச் சட்டக் கல்லூரி ஒன்றில் புது மாணவர்களுக்கு வரவேற்பு நாள். மூன்றாம் வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில் லமுனு கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தொன்று. சந்தையில் வாங்கிய பழைய கறுப்புக் கோட்டு, தோளில் கொஞ்சம் தொளதொள.

"ஆன்ட்டி, பெத்தவங்க எல்லாம் வெளியே மரத்தடியில இருக்காங்க," என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண் லகேர்.

"நானும் படிக்கத்தான் வந்திருக்கேன் கண்ணு."

"அய்யோ, சாரி ஆன்ட்டி. இத்தனை நாளா என்ன பண்ணீங்க?"

"கோர்ட்லதான் வேலை," என்று இழுத்தாள் லமுனு.

"அப்போ பாதி வக்கீல்னு சொல்லுங்க."

எங்கே பாதி வக்கீல்! பத்தொன்பது வருஷம் நீதிபதி அபியோ அம்மாவுக்கு டவாலி. அவர் வரும்போது கத்தி எல்லாரையும் எழுந்து நிற்க வைப்பது, பையைத் தூக்குவது, நாற்காலிக்குப் பின்னால் நிற்பது, இதுதான் வேலை. நுழைவுத் தேர்வை மூன்றாவது தடவையில் தாண்டியவள். தான் டவாலி என்பது இந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். சிறப்புரை ஆற்ற வருவது யார் என்று முன்பே தெரிந்திருந்தால் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்திருப்பாள்.

கதவு திறந்தது. அந்தச் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். யோசிப்பதற்குள் எழுந்துவிட்டாள், வாயும் திறந்துவிட்டது.

"கோர்ட்! எல்லாரும் எழுந்திருங்க!"

இருநூறு பேரும் பதறி எழுந்தார்கள். அபியோ அம்மாவோ நடந்த நடையில், திரும்பிக்கூடப் பார்க்காமல், பையை அவள் பக்கம் நீட்டினார். லமுனு வாங்கிக்கொண்டு மேடையேறினாள். மேசையில் வைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், அதன் பின்னால் போய் நின்றாள். நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

அபியோ அம்மாவும் அப்போதுதான் திரும்பினார். அவள் கோட்டில் குத்தியிருந்த சீட்டைப் படித்தார். 'லமுனு, முதலாண்டு மாணவி.'

"அடடா, பழக்கதோஷத்துல பையை நீட்டிட்டேனே. தப்பு என்னோடது லமுனு."

"நானும்தான் கத்திட்டேன், மை லார்ட்."

"போய் உங்க இடத்துல உட்காருங்க."

"முதல்ல நீங்க உட்காருங்க, மை லார்ட். அப்புறம் நான் போறேன்."

"இன்னைக்கு அப்படி இல்ல," என்று நின்றுகொண்டே இருந்தார் அபியோ அம்மா.

நீதிபதி நிற்கையில் யாரும் உட்காரக் கூடாது. அது லமுனுவே பத்தொன்பது வருஷமாகக் கத்திக் கத்திக் காப்பாற்றிய விதி. அரங்கம் முழுக்க நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. லமுனு இறங்கி வந்து தன் நாற்காலி முன்னால் நின்றாள். முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. அந்த அம்மா முன்னால் ஒரு நாளும் அவள் உட்கார்ந்ததில்லை. கண் நிறைந்துவிட்டது.

"உட்காருங்க ஆன்ட்டி," என்று லகேர் அவள் கையைப் பிடித்தாள். "எல்லாருக்கும் கால் வலிக்குது."

லமுனு உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் நீதிபதி உட்கார்ந்தார்.