மேல் கம்பி, கீழ் கம்பி

"கொஞ்சம் பாத்துக்கடி, ஃபோன் பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அந்தச் சுருட்டைமுடிக்காரி வெளியே போனாள். உலைக்கு முன்னால் இவள் தனியாக நின்றாள்.

சுருட்டை என்றே எல்லோரும் கூப்பிடும் அவளும் இவளும் ஒரே நாளில் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்த நெருக்கத்தில் மண் விழுந்தது, பேராசிரியர் வேலையைப் பிரித்துக் கொடுத்த அன்றுதான். இவளுக்குச் சோடியமும் பொட்டாசியமும். உருக்கி ஊற்றினால் எந்த அளவிலும் கூடிக்கொள்ளும் ஜோடி. ஊருக்கே தெரிந்த சங்கதி. சுருட்டைக்கு லித்தியமும் சோடியமும். அவை லேசில் ஒட்டாது. உருகிய பிறகும் லித்தியம் எண்ணெய் மாதிரி மேலே மிதக்கும், சோடியம் அடியில் கிடக்கும். சூடு ஏற ஏற ஒரு கட்டத்தில் இரண்டும் கலந்துவிடும். அது எந்தச் சூட்டில் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீர்த்து வைப்பவள் பேர் வாங்குவாள். வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டால்கூட, "அவளோடது என்னாச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறாள். இவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காற்றுப் படாமல் மூடிய எஃகுக் குடுவை. உள்ளே எதையும் பார்க்க முடியாது. மேலடுக்கில் ஒரு கம்பி, கீழடுக்கில் ஒரு கம்பி. இரண்டும் மின்தடையைத் திரையில் எண்ணாகக் காட்டும். எண்கள் ஒன்றானால் உலோகங்கள் ஒன்றாகிவிட்டதாக அர்த்தம். பல முறை குடுவை கசிந்து சுருட்டை தோற்றிருந்தாள். அப்போதெல்லாம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, கழிவறைக்குள் போய் நிம்மதியாக மூச்சு விட்டவள் இவள்.

சூடு முந்நூறு டிகிரியைத் தொட்டபோது எண்கள் நெருங்கி வந்துகொண்டிருந்தன. உலையின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில். மின்சாரம் போய் வந்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? விரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. ஆனால் கண் திரையை விட்டு வரவில்லை. கடைசி இலக்கம் மட்டும் ஆடியது. பிறகு அதுவும் அடங்கியது. மேலும் கீழும் ஒரே எண்.

கை தானாக விலகியது. கத்தியது தான்தான் என்பது இவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"அடியே! வாடி சீக்கிரம்! சேந்துடுச்சு!"

சுருட்டை ஓடி வந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று இவள் நினைத்தாள். திரையைப் பார்த்த அவள் முகமோ சுண்டிப்போயிற்று.

"சேரும்போது நீ பாத்தியா?"

"ம்."

"இத்தனை நாளா நான் காவல் கிடந்தேன். நான் நகந்த நேரமா பாத்து, நீ பாத்துட்ட."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது என்னவென்று இவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவமாக இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"ஆற விட்டா மறுபடி பிரியும்ல? அதை நீ பாரு" என்றாள் இவள்.

"அப்போ நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"மாட்டேன்."

சுருட்டை சிரிக்கவில்லை. சூட்டைக் குறைத்துவிட்டு, நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவளும் தன் நாற்காலியை இழுத்துவந்து, தோள் இடிக்க உட்கார்ந்தாள். எண்கள் இன்னும் ஒன்றாகவே நின்றன. இருவரும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.