சூடாமணி பொட்டு வைத்த போல்ட்

மதுரை செல்லூரின் தறிச்சத்தத்துக்கு நடுவே ஒருவன் காதாலேயே வண்டியின் கோளாறைக் கண்டுபிடிப்பான் என்று பேர் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அருள்பாண்டி வாங்கியிருந்தான். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தச் சக்கரத்து பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். சொன்ன பெருமையில் அன்று பூராவும் யாரையும் மதிக்கமாட்டான் என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவனை ஏழு வாரமாக ஒரு அம்பாசிடர் தலைகுனிய வைத்துக்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷத்து வண்டி. சுங்குடிச் சேலை வியாபாரி ஜனகராஜுடையது. சர்க்கரை வியாதியில் அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் மாட்டி நடந்தார். ஆனால் அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. கையால் பிடிக்கிற கிளட்ச் வைத்துப் பார்த்தார்கள். விரல்களும் மரத்துப்போயிருந்ததால் அது சரிப்படவில்லை. அதனால்தான் சென்னை புதுப்பேட்டையிலிருந்து, உடைத்த ஜப்பான் கார் ஒன்றின் இன்ஜினையும் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியையும் அதை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டரையும் வாங்கிவந்து அருள்பாண்டி பொருத்தினான்.

ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டவர்களுக்கு ஜனகராஜ் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "டிரைவர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்ல. இனி நான் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் அருள்பாண்டியைப் பார்க்கமாட்டார். அருள்பாண்டியும் அவரைப் பார்க்கமாட்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன், அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, ஜனகராஜின் மனைவி சூடாமணிக்கு நெஞ்சுவலி வந்தது. ஊரே ஆற்றங்கரையில் கிடந்தது. ஓர் ஆட்டோகூடக் கிடைக்கவில்லை, ஆம்புலன்ஸும் கூட்டத்தைத் தாண்டி வர வழியில்லை. வீட்டுக் கொட்டகையில் பெட்ரோல் நிரப்பிய கார் நின்றது, முப்பது வருஷம் ஓட்டிய கையும் இருந்தது, கால்தான் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த அருள்பாண்டிக்குப் போன் போட்டார். "பத்து நிமிஷத்துல வாரேண்ணே" என்றான். அவன் அப்போது மண்டகப்படிக்குச் சாமான் ஏற்றிய வேனுக்கு அடியில் படுத்திருந்தான். இன்னும் இரண்டு போல்ட்தானே, மாட்டிவிட்டே போய்விடுவோம் என்று நினைத்தான். கையில் எடுத்த வேலையை அரைகுறையாக விட்டு எழுந்து பழக்கமில்லாதவன். இரண்டு போல்ட் நாலாகி, அவன் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆனது. காரை எடுத்து, சந்து சந்தாகப் புகுந்து ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது பின்சீட்டில் அந்த அம்மாளுக்கு மூச்சு இல்லை.

அதைப் பற்றி ஜனகராஜ் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அருள்பாண்டி ஒரு பாடு அழுது தீர்த்திருப்பான்.

இப்போது ஒரே மகள் மீனலோசனி தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வலி வந்தால் மகளைத் தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும், ஜனகராஜுக்கு வேறு நினைப்பே இல்லை.

வண்டியோ வீம்பு பிடித்தது. காலையில் வெண்ணெய் மாதிரி போகும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஹெட்லைட்டும் பேனும் ஓட ஆரம்பித்தால் போச்சு, கியர் மூன்றிலேயே நின்றுகொள்ளும். மூன்றாம் கியரில் சமதரையில் எப்படியாவது உருண்டுவிடும். பாலத்துக்கு ஏறுகிற சரிவில் நின்று எடுத்தால் முனகுமே தவிர நகராது. ஐப்பசி மழையில் ஒருநாள் அப்படித்தான் நடுச்சரிவில் நின்றது. பின்னால் நின்ற டவுன் பஸ்காரன் அவர்கள் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனான். வண்டியை அணைத்துச் சற்று ஆறப்போட்டால், ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஓடும்.

அருள்பாண்டி கியர் ஆயிலின் அளவு பார்த்தான், கருகிய வாடை இருக்கிறதா என்று விரலில் தொட்டு முகர்ந்தான். கியர் மாற்றும் வால்வுகளின் சுருள்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்து அளந்தான். எல்லாம் சுத்தம். ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சாரை மாற்றினான். வேகம் சொல்கிற சென்சாரையும் மாற்றினான். சந்தேகத்துக்குக் கம்ப்யூட்டரையே வேறு போட்டான். அதுவும் போய் மூன்றிலேயே குந்திக்கொண்டது. எலக்ட்ரீசியன் வெள்ளைத்துரை வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இம்புட்டுப் பழைய வண்டிக்கு எதுக்குடா மூளை?" என்று கேட்டுவிட்டு டீ குடித்துப் போனான்.

மறுநாள் மத்தியானம் கொட்டகையில் வண்டியைச் சூடேற்றி, எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, அருள்பாண்டி எர்த்தை ஒவ்வோர் இடமாக அளந்துகொண்டு வந்தான். பேட்டரியிலிருந்து புறப்பட்ட கரண்ட் திரும்பி வீடு சேர்கிற வழிதான் எர்த். வழி அடைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு வேண்டிய வோல்ட் எட்டாது. அது பயந்துபோய், பாதுகாப்பு என்று மூன்றாம் கியரைப் பிடித்துக்கொள்ளும். இந்த விஷயம் அவனுக்கு முதல் வாரமே தெரியும். இருந்தும் ஒரே ஓர் இடத்தை மட்டும் ஏழு வாரமாக அளக்காமல் விட்டிருந்தான்.

பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் தெரிகிற தகட்டில் ஒரு பெரிய போல்ட். வண்டியின் உடம்பையும் இன்ஜினையும் சேர்க்கிற செம்பு எர்த் பட்டையைப் பிடித்திருக்கிற போல்ட் அது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சூடாமணி அதன் தலையில்தான் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பாள். தகட்டுக்கு நெற்றி அதுதான் என்பது அவள் கணக்கு. வருஷா வருஷம் சந்தனம் சந்தனத்தின் மேலேயே படிந்து கெட்டித்திருந்தது. கடைசிப் பொட்டில் அவள் விரல் ரேகை இன்னும் தெரியும். இன்ஜின் மாற்றியபோது அருள்பாண்டி உள்ளே பூராவும் சுரண்டிப் பெயிண்ட் அடித்தான், அந்தப் போல்ட்டைச் சுற்றி மட்டும் பிரஷ்ஷை ஒதுக்கிக்கொண்டான். பட்டையையும் கழற்றவில்லை. புதுக் கம்ப்யூட்டரின் எர்த் ஒயரை அதன் மறுமுனையோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அந்தப் பொட்டில் ஸ்பேனரை வைக்க அவனுக்குக் கை வரவில்லை.

இப்போது மீட்டரின் ஒரு முனையைப் பட்டையிலும் மறுமுனையைத் தகட்டிலும் வைத்தான். முள் ஒன்றரை வோல்ட்டைத் தாண்டி நின்றது. அசையாமல் நிற்கவேண்டிய முள். சந்தனமும் எண்ணெயும் பூஜைக்குத் தெளித்த தண்ணீரும் வருஷக்கணக்காக உள்ளே இறங்கி, பட்டைக்கு அடியில் துருவாகக் கட்டியிருந்தன. சூடேறி, லைட்டும் பேனும் சேர்ந்து கரண்டை இழுத்தால் அந்த வழி திணறியது. பழைய இன்ஜினுக்கு மூளை கிடையாது, அது பொறுத்துக்கொண்டது.

அவன் இன்ஜினை அணைத்தான். கொட்டகை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜனகராஜ் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, கோளாறு கிடைச்சிருச்சு. அக்கா பொட்டு வச்ச போல்ட்டுதான். எர்த் போகலை."

ஜனகராஜ் பானெட்டுப் பக்கம் திரும்பினார்.

"அதைத் தொடாமலே கம்ப்யூட்டருக்குத் தனி ஒயர் இழுத்துரலாம்ணே. பொட்டு பாட்டுக்கு இருக்கட்டும்."

"லைட்டு, பேன், ஸ்டார்ட்டர்? அதெல்லாம்?"

"அது... அந்தப் போல்ட்டு வழியாத்தான்."

"அப்ப இன்னொரு நாள் அது காலை வாரும்." ஜனகராஜ் எழுந்து, செயற்கைக் காலை இழுத்து வந்து பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். "நீ எம்புட்டுப் பெரிய மெக்கானிக். இதை ஏன் முதல்லயே கழட்டலை?"

அருள்பாண்டி மீட்டர் ஒயரைச் சுருட்டினான். "அக்கா கை பட்ட இடம்ணே. அன்னைக்கு நான் அந்த ரெண்டு போல்ட்டை விட்டுட்டு ஓடியாந்திருந்தா..."

"நாப்பது நிமிஷம்" என்றார் ஜனகராஜ். "அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அம்புட்டு நிமிஷத்தையும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். உன் மேல கோவம் இல்லைன்னு சொன்னா பொய். இன்னும் இருக்கு." பொட்டை விரலால் தொட்டார். "அதுக்காக என் மக உசுரைக் கொண்டுபோய் இந்தப் போல்ட்டுல வைக்காத. அவ பொட்டு வச்சது வண்டி நல்லா ஓடணும்னுதான். கழட்டு."

வீட்டு வாசலில் வந்து நின்ற மீனலோசனி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவரும் அதிலேயே பதில் சொன்னார். அருள்பாண்டிக்குப் புரியவில்லை. அவள் உள்ளே போய் ஒரு வெற்றிலையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் கத்தி நுனியால் சந்தனத்தைச் சுற்றி மெல்ல நெம்பினான். அது முழுசாகப் பெயர்ந்து வந்தது. வெற்றிலையில் வைத்து ஜனகராஜிடம் கொடுத்தான். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ம், வேலையைப் பாரு" என்றார்.

துருவேறிய போல்ட் கத்திக்கொண்டே சுழன்றது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கத் தகடு வெள்ளையாகத் தெரிந்தது. புதுப் பட்டை போட்டு, புதுப் போல்ட் இறுக்கி, சுற்றிலும் கிரீஸ் பூசி, கியர் பெட்டியிலிருந்து பேட்டரிக்கு இன்னொரு பட்டையும் போட்டான். மீட்டர் முள் அசையவில்லை. ஜனகராஜ் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார, ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் மழையில் ஒரு மணி நேரம் போய்வந்தார்கள். ஹெட்லைட், வைப்பர், பேன் எல்லாம் போட்டுத்தான். பாலத்துச் சரிவில் வேண்டுமென்றே நிறுத்தி எடுத்தார். கியர் ஒன்றுக்கு இறங்கி, வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது. இறங்கும்போது அருள்பாண்டி போல்ட்டின் மொட்டைத் தலையை நினைத்து வருத்தப்பட்டான்.

ஆறாம் நாள் பிற்பகல் அவன் ஒரு லோடு வேனுக்கு அடியில், நெஞ்சில் கியர் பெட்டியைத் தாங்கிப் படுத்திருந்தபோது செல்போன் அடித்தது. ஒற்றைக் கையால் எடுத்தான்.

"அருளு, மீனாவுக்கு வலி வந்துருச்சு."

அவன் பெட்டியைப் பக்கத்துக் கட்டையில் இறக்கிவிட்டுப் புரண்டு வெளியே வந்தான். போல்ட்டுகள் நாலா பக்கமும் உருண்டன. "இந்தா வாரேண்ணே, பத்து..." என்று ஆரம்பித்தவனுக்கு அந்த வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. செருப்பைக்கூடத் தேடாமல் தெருவுக்கு ஓடினான்.

"எங்க ஓடுற? மூச்சு வாங்குது. நான் ஆஸ்பத்திரியில இருந்துல்ல பேசுறேன். உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டரம்மா பயமில்லைன்னுட்டாங்க."

"யாருண்ணே ஓட்டுனா?"

"நான்தான். பதினோரு நிமிஷம். பாலத்துல ஜம்முனு ஏறுச்சு." பிறகு குரல் இறங்கியது. "கிளம்புறப்ப மீனா அந்த வலியோட பானெட்டைத் திறக்கச் சொன்னா. புது போல்ட்டுல பொட்டு வச்சுட்டுத்தான் ஏறுனா. மறுபடி எர்த் அடைக்காதுல்ல?"

"அடைக்காதுண்ணே" என்றான் அருள்பாண்டி. "சுத்தி கிரீஸ் பூசியிருக்கேன், உள்ள இறங்காது. மேல வச்சா ஒண்ணும் ஆகாது. நான் மாசாமாசம் வந்து பார்த்துக்கிறேன்."

"வா" என்றார் ஜனகராஜ்.

அவன் தெருவிலேயே, செருப்பில்லாமல், ஒரு தறிவீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.