சாத்தானுக்குத் தைத்த சட்டை

தையல்காரரின் மனைவி சாத்தானைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. கடையில் வாடிக்கையாளர் உட்காரும் மர நாற்காலியில் அவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மேலே சட்டையில்லை. பள்ளிச் சீருடை ஒன்றின் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு, "வாங்க, என்ன தைக்கணும்?" என்று கேட்டாள். வெட்டுமேசையில் குனிந்திருந்த கணவர் நிமிர்ந்து, "யார்கிட்ட பேசுற?" என்றார். அந்த வீட்டு நிம்மதி அன்றோடு போயிற்று.

அவன் சாத்தான் என்று அவளாகச் சொல்லவில்லை, பாவம். ஒல்லியான ஆள், ஒரு தோள் தாழ்ந்திருக்கிறது, வயிற்றில் தொப்புள் இல்லை என்று கண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் சொன்னாள். "தொப்புள் இல்லன்னா தாய் வயித்துல பொறக்கலன்னு அர்த்தம். தாய் வயித்துல பொறக்காதவன் யாரு? நீங்களே சொல்லுங்க." மறுநாளிலிருந்து யாரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. டாக்டர் மட்டும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்து, இரண்டு மாதத்துக்கு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை அவளைத் தூங்கவைத்தது. அவனை ஒன்றும் செய்யவில்லை. அவள் கொட்டாவி விட்டபடி பட்டன் தைப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாத்தனாருக்குப் பொறுமை கிடையாது. ஊருக்கு வெளியே, சன்னலுக்குச் சன்னல் கம்பி போட்ட ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே சேர்க்க ஒரு தாளை வாங்கிவந்து தம்பி கையில் கொடுத்தாள். "கோடை லீவு விட்டதும் கொண்டுபோய் விட்டுடு. புள்ளைய நான் வளர்க்கிறேன். அதாச்சும் பொழைக்கட்டும்." புள்ளை என்றது ஏழு வயது மகளை. அன்றிலிருந்து தையல்காரரின் மனைவி, "நாற்காலியில யாருமில்லங்க, எனக்குச் சரியாயிடுச்சு" என்று சாதிக்கத் தொடங்கினாள். ஆனால் நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் அவள் கால், நீட்டியிருக்கும் அவன் கால்களைத் தன்னையறியாமல் தாண்டியது. வெறுந்தரையில் எதைத் தாண்டுகிறாள் என்று கணவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தையல்காரர் கெட்டவரில்லை. முடிவெடுக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். நாக்கு பொய் சொல்லும், டேப் சொல்லாது என்பது அவர் கட்சி. தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவள் கையில் டேப்பைக் கொடுத்து, "அப்படி ஒருத்தன் இருந்தா அளவெடு" என்றார். அவள் எடுத்தாள். மார்பு, தோள், கழுத்து, கை என்று அவள் சொல்லச்சொல்ல அவர் நோட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஒன்பது நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு தடவை. மூன்று தடவையும் கால் அங்குலம்கூட மாறவில்லை. இடது கை வலதைவிட இரண்டு அங்குலம் நீளம், அதுவும் மூன்று தடவையும். "சோத்துக்கு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவுன்னு வாடிக்கைக்காரங்களே மாறுறாங்க. இவன் மாறலயே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்டாட்டியை நம்பாத மனுஷன் டேப்பை நம்பினார். நம்பியதும் ஒரு தையல்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். அளவு கிடைத்த உடம்பு சட்டையில்லாமல் தன் கடையில் உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், கோடு போட்ட துணியை எடுத்து வெட்டினார்.

சட்டையை மாட்டிவிட்டவள் அவள்தான். அவளுக்குத்தானே ஆள் தெரிந்தது. அவள் கடைசிப் பட்டனைப் போட்டதும் சட்டை உப்பி நின்றது, கைகள் உயர்ந்து மடியில் அமர்ந்தன, அதற்குள்ளிருந்த ஆளைத் தையல்காரர் மூக்கும் முழியுமாகப் பார்த்தார். பத்து நிமிடத்தில் தெருவே கடைக்குள் இருந்தது. டாக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் சந்தேகமில்லை. தாள் அங்கேயே கிழிக்கப்பட்டது. தையல்காரர் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். "என்னை மன்னிச்சுடும்மா, நீ பொய் சொல்லல."

அவளுக்கு மட்டும் நாற்காலியில் ஆள் இல்லை. கடைசிப் பட்டன் ஓட்டைக்குள் போன நொடியில் அவன் அவள் விரல்களுக்கடியிலிருந்து போய்விட்டான். ஒரு கோடு போட்ட சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது, இடது கை தரையில் புரண்டது. "எங்கங்க? சட்டைதானே கிடக்கு?" என்று அவள் கேட்டாள். நாத்தனார் மெதுவாக எழுந்தாள். "ஊருக்கே தெரியுது, இவளுக்குத் தெரியலயா? கண்ணை மறைச்சுட்டான். தம்பி, இன்னொரு தாள் வாங்கிடலாம்." அவள் சட்டென்று சிரித்தாள். "சும்மா சொன்னேன் அண்ணி. உங்க முகத்தைப் பார்க்கணும்னு இருந்துச்சு." எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு முதுகு முழுக்க வேர்த்திருந்தது.

பிறகு வருஷங்கள் போயின. சாத்தான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் துணியை நீட்டினார்கள். கறிக்கடைக்காரர் தன் மூட்டுவலியை அவனிடம் சொல்வார். நாத்தனாரே, "ரொம்ப மரியாதையான ஆளு, நம்ம ஆம்பளைங்களைவிடத் தேவலை" என்று சொல்ல ஆரம்பித்தாள். தையல்காரரின் மனைவி மற்றவர்கள் கண் போகும் இடத்தைப் பார்த்துத் தன் கண்ணையும் அங்கே வைத்தாள். அவர்கள் சிரித்தால் சிரித்தாள். இப்போது வெறுந்தரையை வேண்டுமென்றே தாண்டினாள். அப்படியும் ஒவ்வொரு நாளும் பயம். கூட்டத்துக்கு நடுவே இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

மகளுக்குப் பத்து வயதான பிறகு, ஒரு மத்தியானம், கடையில் இருவர் மட்டும் இருந்தபோது, பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அம்மா, உனக்கு நிஜமாவே தெரியுதா?"

"என்ன கேள்வி இது? தெரியாம என்ன?"

"எனக்குத் தெரியலம்மா. என்னைக்குமே தெரிஞ்சதில்ல. அத்தை கேட்டா, சிரிக்கிறாருன்னு சொல்லுவேன்."

தையல்காரரின் மனைவிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுத்த நொடியே எழுந்து போய் வாசலை எட்டிப்பார்த்தாள். திரும்பி வந்து மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதை என்கிட்ட சொன்ன, போதும். இனி யார்கிட்டயும் சொல்லாத, என் கண்ணு. அத்தை திடீர்னு, முகம் எப்படி இருக்குன்னு கேட்பாங்க. கேட்டா, கன்னம் ஒட்டியிருக்கு, வலது புருவத்துல ஒரு வெட்டு இருக்குன்னு சொல்லு. பேசும்போது சட்டைய பார்க்காத. சட்டைக்கு ஒரு சாண் மேல பார்த்துப் பேசு. அங்கதான் அவன் கண்ணு இருந்துச்சு."

மகள் நாற்காலியைப் பார்த்தாள். "இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

மகள் இன்னும் கொஞ்சம் மேலே பார்த்து, வணக்கம் சொல்லிப் பழகினாள். நான்காவது தடவை சரியாக வந்தது.

சனிக்கிழமைதோறும் அந்தச் சட்டையைத் தாயும் மகளும் சேர்ந்து துவைத்தார்கள். காலரில் ஒவ்வொரு வாரமும் புது அழுக்கு இருந்தது.