படுத்தே இருக்கணும்

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள் தனுஷா. உள்ளே அப்பா சடையன், தலையில் கட்டோடு கிடந்தார். வடக்கனந்தல் ஊரில் பாதிப் பேர் வந்து ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போய்விட்டார்கள்.

"புத்துநோய் கொல்லல, அந்த ஊசிதான் கொன்னுடுச்சி."

கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊசியைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்? தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைக்கும்போது எச்சில் வற்றிப்போகாமல் காப்பதற்கான மருந்து அது. பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால்தான் முதல் நாளே பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். மாத்திரை டப்பாவை அவள் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். விழுங்க முடியாத மனிதரைக் கெஞ்சியும் மிரட்டியும் தண்ணீர் குடிக்கவைத்தாள். மருந்து ஏறி முடியும்வரை படுத்தே இருக்கணும், உட்காரக்கூடக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னபோது அப்பா சிரித்தார்.

"படுத்துக்கினு கெடக்கறது ஒரு வேலையா பாப்பா?"

மருந்து பாதி இறங்கியிருந்தபோது தெய்வசிகாமணி வார்டுக்குள் வந்தார். இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து அப்பா குத்தகைக்கு உழுத நிலம் அவருடையது. பார்த்த மாத்திரத்தில் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ப்பா, படு!"

"மொதலாளி வர்றாரு பாப்பா."

தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போனது. கால் தரைக்கு இறங்கியது.

"ஐயா, நீங்களாச்சும் படுக்கச் சொல்லுங்க."

"வுடும்மா. என்னப் பாத்து எழுந்தாத்தான் அவனுக்குத் திருப்தி." சொன்னவர் முகத்தில்தான் எத்தனை பூரிப்பு!

அப்பா நின்று கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கண் சொருகியது. பக்கத்துக் கட்டிலின் இரும்பு விளிம்பில் தலை மோதி விழுந்தார். அப்புறம் அவர் கண் திறக்கவேயில்லை.

அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அறையவேண்டும் போல இருந்தது. அம்மா அமிர்தம் காலையிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"அவரு வந்தா வாயத் தொறக்காதடி. கரும்பு நிக்கிது. நெலத்தப் புடுங்கிக்கினா இன்னா பண்றது?"

வெயில் ஏறியபின் அவர் வந்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். தெய்வசிகாமணி பெட்டிமேல் மாலையை வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஊசியப் போட்டே கொன்னுட்டானுங்களே, பாவிங்க."

"ஊசி இல்லீங்க." தனுஷாவின் குரல் தெரு வரைக்கும் கேட்டது. "ஒங்களப் பாத்துதான் எழுந்தாரு. படுடான்னு ஒரு வார்த்த நீங்க சொல்லல. அதான் செத்தாரு."

தெய்வசிகாமணி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பதறியது அம்மாதான். "அறியாப் புள்ள அவ, மனசுல வச்சிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே தரையில் கையூன்றி எழப் பார்த்தாள். தனுஷா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒக்காரும்மா."

"வுடுடி. நின்னுக்கினு இருக்காருடி."

தனுஷா விடவில்லை. அவள் கைக்குக் கீழே அம்மா எழுந்துகொண்டே இருந்தாள்.